சந்தை வளரும் என்றால் மருந்து வரும் என்று அர்த்தமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. முன்பற்கள் இரண்டும் ஆப்பு மாதிரி கூராக இருக்கின்றன, மற்றவை பெரும்பாலும் முளைக்கவே இல்லை. வேர்வை வராது. எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா (பல், முடி, வேர்வைச் சுரப்பி சரியாக உருவாகாத பிறவி நோய்) என்றார்கள், ஈ.டி.ஏ. மரபணுவில் மாற்றம் என்று சோதனையிலும் வந்துவிட்டது. என் தாய்மாமாவுக்கும் இப்படித்தான். இந்த நோயின் சிகிச்சைச் சந்தை பத்து வருடத்தில் பல மடங்கு வளரும் என்று ஓர் அறிக்கையை என் கணவர் காட்டினார். அப்படியானால் பல்செட்டுக்குச் செலவு செய்யாமல் மருந்துக்காகக் காத்திருக்கலாமா? என் தங்கை இப்போது நான்கு மாதம் கர்ப்பம். அவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். தங்கையிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

முதலில் அந்த அறிக்கை. இப்படிப்பட்ட அறிக்கைகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பல்செட், இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்), கண்ணுக்குச் சொட்டு மருந்து, தோல் கிரீம் என்று ஏற்கெனவே கடையில் விற்பதையெல்லாம் கூட்டி, சோதனையில் இருக்கும் மருந்துக்கு அனுமதி கிடைத்துவிடும் என்று ஊகித்து, ஒரு வளர்ச்சி விகிதம் போட்டுவிடுவார்கள். அந்த அறிக்கை முதலீட்டாளருக்கு எழுதப்படுவது, ஒரு தாய்க்கு அல்ல. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: வரப்போகும் மருந்து யாருக்கு, எந்த வயதில் வேலை செய்யும்?

ஈ.டி.ஏ. மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. கருவில் பல்லுக்கும் வேர்வைச் சுரப்பிக்கும் முடிக்கும் ‘இங்கே முளை’ என்று சொல்லும் சமிக்ஞை அது. அந்தப் புரதத்தையே வெளியே தயாரித்துக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். 2003-இல் கர்ப்பிணி எலிகளுக்கு ஊசி போட்டதில் குட்டிகள் ஏறக்குறைய இயல்பாகப் பிறந்தன. ஆனால் எடிமர் என்ற அமெரிக்க நிறுவனம் பிறந்து சில நாட்களேயான ஆண் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை. சுரப்பிகள் உருவாகும் காலம் வயிற்றுக்குள்ளேயே முடிந்துபோகிறது.

அப்புறம் நடந்ததுதான் இந்தச் சந்தைப் பேச்சுக்கே அடிப்படை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், மூத்த மகனுக்கு இதே நோய் உள்ள ஒரு தாய் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டு மருத்துவர் ஹோல்ம் ஷ்னைடரிடம் போனார். பனிக்குட நீருக்குள் அந்தப் புரதத்தை 26-ஆவது வாரமும் 31-ஆவது வாரமும் செலுத்தினார்கள். இன்னொரு பெண்ணின் கர்ப்பத்தில் 26-ஆவது வாரம் ஒரே ஒரு தடவை. மூன்று பையன்களுக்கும் வேர்வை வந்தது. 2018-இல் இது வெளியானது. ஜெனீவாவின் எஸ்பெரேர் என்ற லாபநோக்கற்ற அமைப்பும் பிரான்சின் பியர் ஃபாப்ர் நிறுவனமும் கைகோத்து அதே மருந்தை இ.ஆர்.004 என்ற பெயரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சோதிக்கின்றன. 26-ஆவது வாரத்திலிருந்து மூன்று ஊசி, அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் பாருங்கள். வாடிக்கையாளர் யார்? இந்த மரபணு மாற்றத்தைச் சுமக்கும் ஒரு பெண், வயிற்றில் பாதிக்கப்பட்ட ஆண் சிசு, அதுவும் அந்தச் சில வாரங்களுக்குள் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆயுளுக்கு மூன்றே ஊசி. இவ்வளவு சின்ன சந்தையில் மருந்தின் விலை நம் கைக்கு எட்டும்படி இருக்கும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் அரிய நோய் மருந்துக்கு 7 வருடமும் ஐரோப்பாவில் 10 வருடமும் தனி விற்பனை உரிமை உண்டு. அதை நம்பித்தான் நிறுவனங்கள் இறங்குகின்றன. இங்கே ஒரு நல்ல செய்தி: அங்கெல்லாம் அனுமதி பெற்ற அரிய நோய் மருந்துக்கு இந்தியாவில் மறுபடி சோதனை வேண்டாம் என்று விலக்கு அளிக்க 2024 ஆகஸ்டில் வழி செய்திருக்கிறார்கள்.

உங்கள் மகன் அந்த வாசலைத் தாண்டிவிட்டான். பல்லுக்கு வேறொரு முயற்சி ஜப்பானில் நடக்கிறது. பல் முளைப்பதைத் தடுக்கும் யு.எஸ்.ஏ.ஜி.-1 என்ற புரதத்தை அடக்கும் மருந்தை 2024-இல் கியோட்டோவில் மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். பிறவியிலேயே பல் இல்லாத பிள்ளைகளுக்கு 2030 வாக்கில் கொண்டுவருவது அவர்கள் இலக்கு. இலக்குதான்.

அதுவரை? சாப்பிட வேண்டும், பேச வேண்டும், பள்ளிக்கூடத்தில் சிரிக்க வேண்டும். கழற்றி மாட்டும் பல்செட்டை மூன்று, நான்கு வயதிலேயே போடலாம். தாடை வளர வளர மாற்றித்தர வேண்டிவரும். கூரான பற்களைக் கம்போசிட் என்ற பல் நிறப் பூச்சு வைத்துச் சாதாரணப் பல் வடிவுக்குக் கொண்டுவரலாம். இம்ப்ளான்ட் பொதுவாகத் தாடை வளர்ச்சி நின்ற பிறகுதான், அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். முதல் நாள் பல்செட்டைத் துப்பிவிடுவான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மாட்டிப் பழக்குங்கள். செலவு இடித்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பல் பிரிவுக்குப் போங்கள்.

பல்லைவிட எனக்குக் கவலை வெயில்தான். வேர்வை இல்லாவிட்டால் உடம்பு தானாகக் குளிராது. பள்ளிப் பையில் ஒரு தண்ணீர் ஸ்பிரே பாட்டில், நனைத்துப் போட ஒரு பனியன், ஆசிரியரிடம் ஒரு கடிதம். வெயிலில் ஆடி உடம்பு கொதித்தால் பாராசிட்டமால் இறக்காது. நனைத்து, விசிறி, நிழலில் வையுங்கள். இறங்கவில்லை என்றால், மயங்கினால், உடனே மருத்துவமனை.

இனி தங்கை. இது பெண்கள் வழியாக வருவது. 1875-இல் டார்வின், சிந்து மாகாணத்தில் நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்குப் பல் குறைந்து, வெயிலில் தோல் வறண்டு வதைபட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். மகள் ஒருத்திக்கும் அது வரவில்லையாம். மாமாவுக்கும் உங்கள் மகனுக்கும் இருப்பதால் உங்கள் அம்மா அதைச் சுமக்கிறார் என்றே கொள்ளலாம். தங்கைக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. மேல்வாயில் ஒன்றிரண்டு பல் பிறவியிலேயே இல்லையா, முடி ஆங்காங்கே அடர்த்தி குறைவா என்று கவனியுங்கள். ஒன்றுமே தெரியாமலும் சுமக்கலாம், ரத்தப் பரிசோதனைதான் முடிவு. மகனின் அறிக்கையில் உள்ள அதே மாற்றத்தை மட்டும் தேடினால் போதும் என்பதால் வேலை சுலபம்.

சிசுவின் பாலினம் தெரியாமல் எப்படி என்று கேட்பீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் சார்ந்த மரபு நோய்களுக்காகப் பதிவு பெற்ற மையங்களில் கருவைப் பரிசோதிக்க இடம் தருகிறது. மரபணு ஆலோசகர் வழிகாட்டுவார்.

ஊசி இப்போதைக்குக் கைக்கு எட்டாவிட்டாலும் இது வீண் போகாது. பிறந்த குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, தலைக்குத் தொப்பி போட்டுக் கதகதப்பாக வைப்பது நம் வழக்கம். இந்த நோயுள்ள சிசுவுக்கு அதுவே ஆபத்து. பிரசவத்துக்கு முன்பே மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகனின் மரபணு அறிக்கையை நகல் எடுத்துத் தங்கையிடம் கொடுத்தனுப்புங்கள். அம்மாவும் கூடப் போகட்டும்.