நாற்பரிமாணக் கேள்வி-பதில்: ஃப்ரேமிங் எண்ணை விட்டுவிடாதீர்கள்

நாகர்கோவில் வாசகி: கர்பி படத்தில் 3-ஹேண்டில், 4-ஹேண்டில் ஏன் வரைவதில்லை?

கர்பி படம் என்பது ஒரு 4-பரிமாண வெளியை (மேனிஃபோல்ட்) ஹேண்டில் எனும் துண்டுகளை ஒட்டிக் கட்டும் விதத்தைக் காட்டும் வரைபடம். அதில் 1-ஹேண்டில் புள்ளி வைத்த வட்டம், 2-ஹேண்டில் ஃப்ரேமிங் எண் எழுதிய முடிச்சு. ஓரமில்லாத, மூடிய மேனிஃபோல்ட் என்றால் 3-, 4-ஹேண்டில்களை ஒட்ட ஒரே ஒரு வழிதான் உண்டு. கணிதவியலாளர்கள் லாவுடன்பாக்கும் பொயனாருவும் 1972-இல் நிறுவியது. ஓரம் உள்ளவற்றுக்குப் பொதுவாக இந்தச் சலுகை இல்லை, வரைந்தே காட்டுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: இரண்டு 2-ஹேண்டில்; ஃப்ரேமிங் (முறுக்கு எண்) 2, 3, பிணைப்பெண் (ஒன்று மற்றதைச் சுற்றும் எண்ணிக்கை) 1. ஒரு ஹேண்டிலை மற்றதன்மேல் ஸ்லைடு செய்ததும் (நகர்த்தி ஏற்றியதும்) ஓரம் ஹோமாலஜி ஸ்பியர் (ஹோமாலஜி அளவில் 3-ஸ்பியரைப் போன்ற வெளி) ஆகிவிட்டது. புது எக்ஸாட்டிக் ஜோடிக்கு (டோபாலஜியில் ஒன்று, மென்மை அமைப்பில், அதாவது நுண்கணிதம் செய்யும் விதத்தில், வேறு) இது வழியா?

இல்லை. ஸ்லைடு செய்தால் ஓரம் மாறவே மாறாது. பிசகியது உங்கள் கணக்கு. புது ஃப்ரேமிங்கை 2+3=5 என்று போட்டிருக்கிறீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இதே தப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பிணைப்பெண்ணை இரட்டித்துக் கூட்ட வேண்டும்: 2+3+2=7. எதிர்த்திசையில் சேர்த்தால் 2+3−2=3.

சரிபார்க்க அரை நிமிடம் போதும். ஃப்ரேமிங்குகளைப் பெருக்கி, பிணைப்பெண்ணின் வர்க்கத்தைக் கழித்தால் டிட்டர்மினன்ட்; ஸ்லைடு அதை மாற்றாது. ஸ்லைடுக்கு முன் 2×3−1×1=5. பின்பு ஃப்ரேமிங் 7, 3; பிணைப்பெண் 1+3=4; 21−16=5. உங்கள் 5-ஐப் போட்டால் 15−16=−1. டிட்டர்மினன்ட் ±1 ஆனால்தான் ஓரம் ஹோமாலஜி ஸ்பியர்; உங்களுக்கு அது வந்தது இந்த −1-இலிருந்துதான்.

அந்த 2 எங்கிருந்து வருகிறது? தோவாளையில் பூக்கட்டும் வாழைநாரைப் பட்டையாகக் கிழித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையம் செய்யுங்கள். நாரின் விளிம்பு அதன் நடுக்கோட்டை எத்தனை தடவை சுற்றுகிறதோ அதுதான் ஃப்ரேமிங். இரண்டையும் ஒரே வளையமாக இணைத்ததும், முதல் நாரின் விளிம்பு இரண்டாவதன் நடுக்கோட்டைச் சுற்றுவதும் கணக்கில் சேரும்; இரண்டாவதன் விளிம்பு முதலாவதைச் சுற்றுவதும் சேரும். ஆக இரண்டு தடவை. ஒவ்வொரு ஸ்லைடுக்குப் பிறகும் படத்தில் எண்ணை எழுதுங்கள். இருபது ஸ்லைடு முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் தப்பு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. புள்ளி வட்டத்தை (1-ஹேண்டிலை) 2-ஹேண்டில்மேல் ஸ்லைடு செய்யவும் கூடாது.

குளச்சல் வாசகர்: கார்க்கில் புள்ளியையும் 0-வையும் இடம் மாற்றினால் எக்ஸாட்டிக் கிடைத்துவிடுமா?

அது மட்டும் போதாது. கார்க் என்பது வெட்டித் திருப்பி ஒட்டினால் மென்மை அமைப்பை மாற்றக்கூடிய ஒரு சிறு துண்டு. ஒரு 1-ஹேண்டில், ஒரு 2-ஹேண்டில் கொண்ட அந்தக் கார்க்கின் படம் சமச்சீரானது. மாற்றினாலும் அதே கார்க்தான். அது ஒரு பெரிய மேனிஃபோல்டுக்குள் இருக்க வேண்டும். வெட்டித் திருப்பி ஒட்டியபின் ஏதாவது ஒரு இன்வேரியன்ட் (ஒரே மென்மை அமைப்பு என்றால் மாறாத அளவு) வேறுபட வேண்டும். 1991-இல் கணிதவியலாளர் அக்புலுத் காட்டிய எடுத்துக்காட்டில் டொனால்ட்சன் இன்வேரியன்ட்தான் பிரித்துக் காட்டியது.

திருவட்டாறு வாசகர்: ஓரம் ஒன்றானால் 4-மேனிஃபோல்டும் ஒன்றுதானே?

இல்லை. ஃப்ரேமிங் +1 உள்ள ஒற்றை வட்டத்தின் ஓரம் 3-ஸ்பியர். −1 போட்டாலும் 3-ஸ்பியர்தான். திசையையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை வேறுவேறு. எண்ணைப் பாருங்கள்.

தக்கலை வாசகர்: 7-ஸ்பியருக்கு 28 மென்மை அமைப்புகள். 4-ஸ்பியருக்கு எத்தனை? என் படம் புது அமைப்புதானா?

28 என்பது திசையையும் சேர்த்து எண்ணியது. 4-ஸ்பியருக்கு ஒன்றுக்கு மேல் உண்டா என்பதே இன்னும் தீராத கேள்வி. உங்கள் படத்தில் இருப்பது ஒரு 1-ஹேண்டிலும் ஒரு 2-ஹேண்டிலும்தான். 2-ஹேண்டிலின் முடிச்சு புள்ளி வட்டத்துக்குள் ஒரே ஒருமுறைதான் போகிறது. இரண்டும் ரத்தாகிவிடும், மிஞ்சுவது சாதாரண 4-ஸ்பியர். ஃப்ரேமிங் எழுதாமலே அனுப்பியிருக்கிறீர்கள். ரத்தாவதற்கு மட்டும் அந்த எண் எதுவானாலும் சரி.