ஐந்து ஒத்திகை, எட்டுப் பாட்டு, மூன்றே டெனர்

கேள்வி: 26 பேர் கொண்ட ஒரு சேர்ந்திசைக் குழுவை இரண்டு வருடமாக நடத்துகிறேன். யாரும் தொழில்முறைப் பாடகர் இல்லை. வாரம் ஒருநாள், வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் பாடுவார்கள். கச்சேரிக்கு இன்னும் ஐந்து ஒத்திகைதான் இருக்கிறது. எட்டுப் பாட்டில் நாலுதான் தேறியிருக்கிறது. வாத்தியம் இல்லாமல் பாடினால், முடிக்கும்போது அரைச் சுரமாவது கீழே இறங்கிவிடுகிறோம். டெனர் பகுதிக்கு, அதாவது ஆண்களின் மேல்குரலுக்கு, மூன்றே பேர். வருகையும் ஒழுங்கில்லை. நானும் கூடவே சத்தமாகப் பாடித்தான் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போகிறேன். இதற்கு நடுவில், குழு தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் ஒரு பெரியவருக்குச் சுருதி நிற்பதில்லை. ‘மேடையில் அவரை வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள்’ என்று மற்றவர்கள் என்னை நச்சரிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி

பதில்: முதலில் ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு மணி நேரத்தில் குரல் பதப்படுத்த கால் மணி, நடுவில் ஓய்வுக்கும் அறிவிப்புக்கும் கால் மணி போனால் மிச்சம் 90 நிமிடம். ஐந்தாவது ஒத்திகை முழுக்க மேடை ஓட்டத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாலு ஒத்திகைக்கு 360 நிமிடம். தேறிய பாட்டுகள் மறக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடமாவது வேண்டும், அதில் 80 போயிற்று. மீதி 280 நிமிடத்தை நாலு பாட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 70. இரண்டு பாட்டை விட்டுவிட்டால் 140.

விட்டுவிடுங்கள். இந்த வாரமே. எதை விடுவது என்று குழுவிடம் வாக்கெடுப்பு வைக்காதீர்கள், ஆளுக்கொரு பாட்டுக்கு வக்கீலாக நிற்பார்கள். ஆறு பாட்டை நிம்மதியாகப் பாடிவிட்டு இறங்கும் குழுவைப் பார்த்து ‘ஏன் எட்டு இல்லை?’ என்று எந்த ரசிகரும் கேட்டதில்லை.

அடுத்தது சுருதி. ‘இறங்காதீங்க, இறங்காதீங்க’ என்று சொல்லி ஒரு பலனும் இல்லை. எந்த இடத்தில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரி பாடிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள், கீபோர்டில் அந்தச் சுரத்தைத் தட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் அடுத்த வரி. சாதாரணமாக இரண்டு இடத்தில்தான் சறுக்கும். ஒரே சுரத்தில் பல சொற்கள் வரும் இடம் ஒன்று. படிப்படியாகக் கீழே இறங்கும் இடம் இன்னொன்று. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது மூச்சு தளர்ந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை கீழே போகும். இறங்கும் படிகளில் எல்லாரும் தேவைக்கு மேல் பெரிய அடி வைத்துவிடுவார்கள். ஆகவே இறங்கும்போது சின்ன அடி, ஏறும்போது தாராளமான அடி. தாளில் அந்த இடங்களில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். உட்கார்ந்து பாடுகிறவர்களை எழுப்பி நிற்க வையுங்கள். இத்தனைக்கும் கேட்காத பாட்டு இருந்தால், அதை அரைச் சுரம் மேலே தொடங்கிப் பாருங்கள். பாதி நேரம் அதோடு சரியாகிவிடும். குரல் மாறும் அந்தச் சங்கடமான எல்லையில் மாட்டிக்கொண்டிருந்த சுரங்கள் இடம் மாறிவிடுவதுதான் காரணம்.

சுருதி தப்புவதாகத் தோன்றும் சில இடங்களில் உண்மையில் உச்சரிப்புதான் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். ‘மலை’ என்ற சொல்லை இழுத்துப் பாடச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் ‘மலெ’ என்பார்கள், ஆறு பேர் ‘மலய்’ என்பார்கள், ஒருவர் ‘மலே’ என்று நீட்டுவார். மூன்றும் ஒன்றாகக் கேட்கும்போது சுரமே கலங்கித் தெரியும். நான் செய்வது இதுதான்: நீட்டும் நேரம் முழுக்க ‘அ’, விடும்போது மட்டும் லேசாக ‘இ’. நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம், ஆனால் 26 பேரும் அதையே செய்ய வேண்டும். ‘காலம்’, ‘நேரம்’ மாதிரி ‘ம்’மில் முடியும் சொற்கள் இன்னொரு தலைவலி. ஒருவர் உதட்டை முன்னால் மூடுவார், பக்கத்தில் இருப்பவர் இன்னும் ‘அ’விலேயே நிற்பார், வரியின் முடிவு பிசிறடிக்கும். தாளத்தின் எந்தத் தட்டில் உதடு மூடுவது என்பதைத் தாளில் குறித்து, அதை மட்டும் தனியாகப் பத்து தடவை செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். குழு திடீரென்று ஒரு வருடம் மூத்த மாதிரி கேட்கும்.

நீண்ட வரிகளுக்கு மூச்சு போதவில்லை என்றால், பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் இடத்தில் நாம் எடுக்கக் கூடாது என்ற ஒரே விதி போதும். சொல்லின் நடுவில் எடுத்தாலும் பரவாயில்லை, சத்தமில்லாமல் விலகிச் சத்தமில்லாமல் திரும்ப வந்து சேர வேண்டும்.

டெனர் மூன்று பேரையும் ‘சத்தமாகப் பாடுங்க’ என்று விரட்டாதீர்கள். கத்தினால் தொண்டை போகும், சுருதியும் மேலே ஏறிவிடும். மற்ற மூன்று பகுதிகளையும் குறைத்துப் பாடச் சொல்லுங்கள். ஆல்டோவில், அதாவது பெண்களின் கீழ்க்குரல் பகுதியில், கீழ்ச் சுரங்கள் நன்றாக ஒலிக்கும் குரல் ஒன்றிரண்டு இருந்தால் டெனர் பக்கம் கொஞ்ச நேரம் கடன் வாங்கலாம். பாட்டு முழுக்க வேண்டாம், அவர்களுக்கு எட்டும் வரிகளுக்கு மட்டும். இன்னொன்று: தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதர்கள் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டுவார்கள். 1911-இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்துச் சொன்ன விஷயம் இது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் குழுவில் இது சங்கிலியாக நடக்கும். இருவருக்கு நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவு இடைவெளி விட்டு நிறுத்திப் பாருங்கள். இடம் இல்லை என்பார்கள். எப்படியாவது உண்டாக்குங்கள்.

வருகை விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையான ஆள். கடைசி இரண்டு ஒத்திகைக்கும் வராதவர் மேடை ஏறுவதில்லை என்பதை இப்போதே, எல்லாரும் இருக்கும்போது, சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். இந்த விதியை இரண்டு முறை தளர்த்தி இரண்டு முறையும் வருந்தியவன் நான். அதற்கு முந்தைய வாரங்களில் வராதவர்களுக்கு, ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பாடி போனில் பதிந்து அனுப்புங்கள். பஸ்ஸில் வரும்போதாவது கேட்பார்கள்.

ஐந்தாவது ஒத்திகையை முடிந்தால் அந்த அரங்கத்திலேயே வையுங்கள். மேடை ஏறுவது, வரிசையில் நிற்பது, தாளைப் பிரிப்பது, இறங்குவது எல்லாமே அன்றைய வேலை. காலி அரங்கில் எதிரொலி அழகாக இருக்கும், நம்பிவிடாதீர்கள். ஆட்கள் நிறைந்தால் உடைகளும் உடம்புகளும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். கச்சேரி அன்று சத்தம் செத்துப்போன மாதிரி இருக்கும், யாரும் பயந்து கத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முழங்காலை விறைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றால் மயக்கம் வரும், லேசாகத் தளர்த்தி நிற்கட்டும். தண்ணீரை அன்று காலையிலிருந்தே குடிக்க வேண்டும். மேடை ஏறும் முன் மடக்கென்று குடிப்பது குரல்வளைக்குப் போவதில்லை, வயிற்றுக்குத்தான் போகிறது.

அப்புறம், அந்தப் பெரியவர். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு அம்மாவிடம் ‘இந்தப் பாட்டுக்கு மட்டும் வாயசைச்சா போதும்’ என்று மெதுவாகத்தான் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த வாரம் அவர் நாற்காலி காலி. அதன் பிறகு அவர் வரவே இல்லை. அந்த நாற்காலியை வேறு யாரும் எடுக்கவில்லை என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இவரை உறுதியான இரண்டு குரல்களுக்கு நடுவில் நிறுத்துங்கள், ஒருவர் சற்றுப் பின்னால் நின்று காதுக்குள் பாடுகிற மாதிரி. எந்த உயரத்தில் அவருக்குச் சுருதி நிற்கிறது என்று தனியாக உட்கார்ந்து பாருங்கள், பெரும்பாலும் நாலைந்து சுரங்களுக்குள் நன்றாகவே நிற்கும். அந்த வரிகளைப் பாடட்டும், எட்டாதவற்றை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். ‘இங்கே விடுங்க, இங்கே திரும்ப வாங்க’ என்று தாளில் குறித்துக் கொடுத்தால் போதும். மற்றவர்களும் மூச்சுக்காக அங்கங்கே விடுகிறார்களே, அதுபோலத்தான் இதுவும். ‘அவர் பாடுவார், பேச்சு முடிந்தது’ என்று நச்சரிக்கிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் குழுவில் வாயை மட்டும் அசைக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார், அது நீங்கள்தான். கூடவே பாடினால் உங்கள் குரல்தான் உங்களுக்குக் கேட்கும், அவர்களுடையது கேட்காது. அவர்களும் உங்கள் குரலில் சாய்ந்துகொண்டு கையைப் பார்க்க மாட்டார்கள். அடுத்த ஒத்திகையில், தேறிய பாட்டு ஒன்றுக்கு மட்டும், சொற்களை உதட்டில் காட்டிச் சத்தம் போடாமல் நடத்துங்கள். முதல் தடவை தடுமாறும், பாதியில் நின்றாலும் நிற்கும். காப்பாற்றப் போகாதீர்கள். மறுபடி தொடக்கத்திலிருந்து. மூன்றாவது தடவை டெனர் எந்த வரியில் தயங்கி நுழைகிறார்கள் என்பது உங்கள் காதிலேயே விழும். அந்த வரியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.