உப்பு தூவினால் போதுமா?

கேள்வி: மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தின் கரி கழுவும் ஆலையில் பராமரிப்புப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறேன். இங்கே எனக்கு இது முதல் குளிர்காலம். மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் துறையான எம்.எஸ்.எச்.ஏ.விலிருந்து ஆய்வாளர் எந்த நாளும் வரலாம் என்கிறார்கள். பனி கொட்டும்போது வந்தால் எதையெல்லாம் பார்ப்பார்? நடைபாதையில் உப்பு தூவி வைத்தால் போதுமா?

பதில்: போதாது. உப்பு வேண்டியதுதான். ஆனால் அனுபவமுள்ள ஆய்வாளர் பனியை மட்டும் பார்ப்பதில்லை. குளிர் தாங்காமல் ஆட்கள் என்னென்ன குறுக்குவழியில் இறங்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். ஜன்னலை இறுகச் சாத்தியிருப்பார்கள், உறைந்த குழாய்க்குத் தீ உமிழும் டார்ச் பிடித்திருப்பார்கள், கரி அடைத்துக்கொண்டது என்று இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை (கார்ட்) கழற்றி ஓரமாகச் சாய்த்திருப்பார்கள்.

முதலில் நடைமுறை. 1977ஆம் ஆண்டுச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டப்படி நிலத்தடிச் சுரங்கம் ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு 4 முறையாவது முழுமையாக ஆய்வு செய்தாக வேண்டும். தரைக்கு மேலே இருக்கும் உங்கள் ஆலையும் அதில் சேர்த்தி. முன்னறிவிப்பு கிடையாது. அவர் வண்டி கேட்டில் நுழைந்ததும் ரேடியோவில் மற்றவர்களை உஷார்படுத்தலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். முன்கூட்டித் தகவல் கொடுப்பதற்கு 6 மாதம் வரை சிறை உண்டு. 2010இல் 29 பேர் இறந்த அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் இந்தப் பழக்கம் இருந்தது விசாரணையில் வெளிவந்தது.

வந்ததும் அவர் பெரும்பாலும் கேட்பது ஷிப்ட் பரிசோதனைப் புத்தகத்தைத்தான். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முறையாவது, சான்று பெற்றவர் ஒருவர் இயங்கும் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து, கண்ட ஆபத்துகளை மையினாலோ அழியாத பென்சிலாலோ எழுத வேண்டும் என்பது விதி. இரண்டு வாரம் உறைபனி அடித்திருக்கும்போது புத்தகத்தில் தினமும் "ஆபத்து எதுவும் இல்லை" என்றே எழுதியிருந்தால் அதை யார் நம்புவார்கள்? "மூன்றாம் தளப் படியில் பனிக்கட்டி, காலை 6:40, உப்பு போடப்பட்டது" என்று எழுதியிருப்பதுதான் உங்களுக்குப் பலம். பிரச்சினையை எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் எழுதாமல் விட்டு மாட்டியவர்களே அதிகம்.

சரி, நடைபாதைக்கு வருவோம். வழக்கமாகப் புழங்கும் பாதைகளில், முடிந்த அளவு சீக்கிரமாக, மணலோ உப்போ போட வேண்டும், அல்லது பனியை அகற்ற வேண்டும். இவ்வளவுதான் விதி. பனி கொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் தரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தேவைப்படாத பாதையைச் சங்கிலி போட்டு மூடிப் பலகை மாட்டிவிடலாம், நல்ல வழிதான். ஆனால் சங்கிலிக்கு அந்தப் பக்கம் பனியில் பூட்ஸ் தடம் பதிந்திருந்தால் கதை முடிந்தது. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது, அப்போது கால்சியம் குளோரைடுக்கு மாறுங்கள். எவ்வளவு உப்பு போட்டாலும் ஒரே படியில் திரும்பத் திரும்பக் கட்டி பிடித்தால் மேலே நிமிர்ந்து பாருங்கள். பம்ப் சீல் ஒழுகி, மேல்தளத்தின் இரும்புக் கிராதி (கிரேட்டிங்) வழியாகச் சொட்டிக்கொண்டிருக்கும். அது உங்கள் துறை வேலை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை கரிக்குவியல். குவியலுக்கு அடியில் இருந்து கரியை எடுத்து அனுப்பும் இயந்திரமான ஃபீடர் கரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரக்கரி உறைந்தால் மேற்பரப்பு மட்டும் ஓடு போல இறுகி நிற்கும், உள்ளே பொந்து விழுந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதன்மேல் புல்டோசர் ஏறினால் வண்டியோடு உள்ளே போய்விடும், கேபின் கண்ணாடி உடைந்தால் கரி ஓட்டுநரை மூடிவிடும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஃபீடருக்கு மேலேயோ அதை ஒட்டியோ யாரும் நடக்கவோ நிற்கவோ கூடாது என்பது விதி. ஃபீடர் இருக்கும் இடம் ஓட்டுநருக்குத் தெரியும்படி அடையாளம் இருக்கிறதா, கேபினில் வலுவான கண்ணாடி இருக்கிறதா, ஃபீடர் ஓடுகிறதா நிற்கிறதா என்பது அவருக்கு எப்படித் தெரியவருகிறது என்று இன்றே விசாரியுங்கள். கரி சேமிக்கும் தொட்டிக்குள் உறைந்த கரியை ஆள் இறங்கிக் குத்துவது அதைவிட மோசம்.

அப்புறம் மீத்தேன் என்ற எரியும் வாயு. புதிதாக வெட்டிய கரி மேலே வந்த பிறகும் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். கோடையில் காற்றோடு போய்விடும், குளிரில் எல்லாம் மூடியிருப்பதால் கரி சேமிக்கும் கோபுரமான சைலோவின் உச்சியிலும் கன்வேயர் சுரங்கப் பாதையிலும் தேங்கும். கட்டடத்துக்குள் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கரி கையாளும் இடங்களில் ஷிப்டுக்கு ஒரு முறையாவது அளக்க வேண்டும், வெல்டிங்குக்கும் தீப்பிழம்பு வேலைக்கும் சற்று முன்னால் கட்டாயம் அளக்க வேண்டும். கரி இறங்கும் சரிவுக் குழாய் உறைந்தால் அதை டார்ச்சால் இளக்குவதும் இதில் வரும். உத்தரங்களில் படிந்த கரித்தூளையும் ஆய்வாளர் விரலால் தடவிப் பார்ப்பார்.

தீயணைப்புக் குழாய் உறைந்திருக்கிறதா, லோடரின் ரிவர்ஸ் அலாரம் சேறும் பனியும் அப்பி ஊமையாகிவிட்டதா, சீக்கிரம் இருட்டிவிடுவதால் படிக்கட்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்பதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

ஆலைக் கழிவுநீர் தேங்கும் அணை உங்கள் பொறுப்பில் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் 7 நாளுக்கொரு முறை நடக்கும் பரிசோதனையில் வடிகுழாய் வாயில் பனிக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாநிலத்திலேயே, 1972 பிப்ரவரி 26 அன்று பஃபலோ கிரீக்கில் அப்படியொரு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அதற்கு 4 நாள் முன்புதான் மத்திய ஆய்வாளர் ஒருவர் திருப்தி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆய்வாளர் ஒன்றும் எழுதாமல் போனால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆய்வாளர் விதிமீறல் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அங்கேயே வாதாட வேண்டாம். கூடவே நடங்கள், அவர் படம் எடுக்கும் இடத்தில் நீங்களும் எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் பிரதிநிதிக்கும் சம்பளம் பிடிக்கப்படாமல் கூட வரும் உரிமை உண்டு, அவரைத் தள்ளிவைக்காதீர்கள். ஆய்வாளர் எழுதியது தவறு என்று பட்டால், நிறுவனம் 10 நாளுக்குள் மாவட்ட அலுவலகத்தில் பேச நேரம் கேட்கலாம். உப்பு எத்தனை மணிக்குத் தூவப்பட்டது என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.