எஸ்.ஏ.டி. மதிப்பெண்களைச் சேர்த்துக் கணக்கிடும் முறை: கேள்வி பதில்

கேள்வி: என் மகள் மார்ச் மாதம் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் வாசிப்பு–எழுத்துப் பிரிவில் 640, கணிதத்தில் 760 பெற்றாள். ஆகஸ்டில் அவை முறையே 710, 720 என வந்தன. எதை அனுப்புவது, ஐயா?

பதில்: பிரிவுவாரியாகச் சிறந்ததை எடுத்துக்கொள்ளும் கல்லூரி என்றால் இரண்டையும் அனுப்புங்கள். மார்ச் மாத மொத்தம் 1400, ஆகஸ்ட் மாத மொத்தம் 1430. ஆனால் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் போன்ற நிறுவனங்கள் 710ஐயும் 760ஐயும் சேர்த்து 1470 என்றே பார்க்கும். இதற்கு சூப்பர்ஸ்கோர் என்று பெயர். ஒரு தந்தை இரண்டு மதிப்பெண் தாள்களை என்னிடம் கொண்டுவந்தார். மொத்தத்தை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, குறைந்த தாளை மடித்து உள்ளே வைத்திருந்தார். மகனின் மிகச் சிறந்த கணித மதிப்பெண் அந்த மடிப்புக்குள்தான் இருந்தது. உங்கள் மகளின் 760க்கும் அந்த நிலை வர வேண்டாம்.

கேள்வி: மார்ச் மாதக் கணித மதிப்பெண்ணை மட்டும் பிரித்து அனுப்ப முடியுமா?

பதில்: முடியாது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தரும் ‘ஸ்கோர் சாய்ஸ்’ வசதியில் எந்தத் தேதித் தேர்வை அனுப்புவது என்பதை மட்டுமே நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேதியின் இரு பிரிவுகளும் சேர்ந்தே போகும், சேர்த்துக் கணக்கிடுவது கல்லூரியின் வேலை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமோ எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் நெடுங்காலமாகவே கேட்டு வந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் அடுத்த முறை கணிதத்தை விட்டுவிட்டு, வாசிப்பு–எழுத்துக்கு மட்டும் படித்துப் போகலாமா?

பதில்: படிக்கும் நேரத்தில் பெரும்பகுதியை வாசிப்புக்கு ஒதுக்குவது சரிதான், கணிதத்தை அடியோடு விட்டுவிடுவதை நான் ஏற்க மாட்டேன். ஒரே தேதியின் மொத்தத்தை மட்டும் பார்க்கும் கல்லூரியும் உங்கள் பட்டியலில் இருக்கலாம், எல்லா மதிப்பெண்களையும் கேட்கும் கல்லூரியும் இருக்கலாம். இரண்டிலுமே சரிந்த கணித மதிப்பெண் கண்ணில் படும். எனவே விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் அந்தந்த ஆண்டுக்குரிய சேர்க்கைப் பக்கத்தில் படித்துவிட்டு, அதன் பிறகே மறுதேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான இன்னொரு தேர்வான ஏ.சி.டி.யிலும் இதே முறைதானா?

பதில்: அங்கே கூட்டுத்தொகை இல்லை, சராசரி. ஆங்கிலம், கணிதம், வாசிப்பு மூன்றிலும் முதல் முறை 28, 33, 27 என்றால் சராசரி 29; இரண்டாம் முறை 32, 30, 31 என்றால் 31. சிறந்தவற்றை எடுத்தால் 32, 33, 31, சராசரி 32. 2025 முதல் படிப்படியாக அறிவியல் விருப்பப் பகுதியாகிவிட்டதால் மூன்றையே கணக்கிட்டேன். இங்கே சூப்பர்ஸ்கோரைத் தேர்வு நிறுவனமே கணக்கிட்டுத் தருகிறது.

கேள்வி: எஸ்.ஏ.டி. கணிதத்தையும் ஏ.சி.டி. ஆங்கிலத்தையும் சேர்ப்பார்களா?

பதில்: சேர்க்க மாட்டார்கள்.

கேள்வி: கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எந்த மதிப்பெண் நல்லது?

பதில்: அதன் வளாகங்கள் எதிலும் சேர்க்கை முடிவுக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்களைப் பார்ப்பதில்லை. அங்கு மட்டுமே விண்ணப்பிப்பதானால் மூன்றாம் முறை எழுதும் செலவும் அலைச்சலும் பிள்ளைக்கு வேண்டாம்.

கேள்வி: நம் ஜே.இ.இ. மெயின் தேர்வில் ஜனவரிக் கணிதத்தையும் ஏப்ரல் இயற்பியலையும் சேர்ப்பார்களா, ஐயா?

பதில்: இல்லை, தம்பி. இரண்டு அமர்வுகளில் எதன் மொத்த மதிப்பெண் சிறந்ததோ, அந்த அமர்வை அப்படியே தரவரிசைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஏப்ரலில் மூன்று பாடங்களையும் ஒருசேர உயர்த்தவே நீங்கள் படிக்க வேண்டும்.