ஃபாக்ஸ்புரோ இன்னும் ஓடுமா? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

லாங் பஜார் மொத்தக் கடைகளிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட் வரை, ஃபாக்ஸ்புரோ என்ற தரவுதள மொழியில் எழுதிய பழைய கணக்கு மென்பொருள்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை எழுதியவன், பலவற்றைப் பழுது பார்க்கிறவன் என்று என்னிடம் கேட்கப்பட்டவை இவை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

மேல்விஷாரம், தோல் மண்டி: சார், எங்கள் மண்டிக் கணக்கு 1997-இல் போட்டது. பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. புது விண்டோஸ் 11-இல் திறந்தால் இந்த ஆப் ஓடாது என்கிறது. எல்லாம் போச்சா?

எதுவும் போகவில்லை பாய். திறக்காதது நிரல் மட்டும்தான். பழைய ஹார்டு டிஸ்க் நல்லபடியாக இருந்தால் கணக்கு அதிலுள்ள டிபிஎஃப் எனும் தரவுக் கோப்புகளில் அப்படியே இருக்கும். உங்களிடம் இருப்பது விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோ 2.6 என்று நினைக்கிறேன். 16 பிட் நிரலை 64 பிட் விண்டோஸ் ஏற்காது; விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. புதுக் கம்ப்யூட்டரில் பழைய டாஸ் நிரலை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டால் திறக்கும். ஆனால் அது விளையாட்டுகளுக்காகச் செய்தது. பிரின்ட் எடுப்பது, ஒரே கோப்பை இரண்டு பேர் திறப்பது இதிலெல்லாம் மக்கர் பண்ணும். அலுவலக டாஸ் நிரல்களுக்கென்றே எழுதிய விடாஸ் இருக்கிறது, அதைப் பாருங்கள். இதெல்லாம் கணக்கை வெளியே எடுக்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான்.

விண்டோஸுக்காகப் பின்னால் வந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோ வேறு. அது 32 பிட், விண்டோஸ் 11-இலும் ஓடுகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு “ஃபாக்ஸ்புரோவே ஓடாது” என்று சொல்லிப் புது மென்பொருள் விற்க வருகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

காட்பாடி, பி.சி.ஏ. மாணவர்: அண்ணா, ஃபாக்ஸ்புரோ கற்றுக்கொண்டால் பிரயோஜனம் உண்டா? செத்த மொழி என்கிறார்கள். பழைய மொழியே வேண்டாமா?

தம்பி, புதிதாக எழுதுவதற்கு வேண்டாம். ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பான 9 வந்தது 2004-இல். இனி அடுத்த பதிப்பு கிடையாது என்று 2007-இல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது. இதன் மேல் இன்று ஒரு புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது.

ஆனால் “பழசு” என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதே. வயதைப் பார்த்தால் முதலில் தூக்கிப் போட வேண்டியது தரவுதளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்தான். ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையை வைத்து, அதே கம்பெனியின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் கொண்டுவந்தது அது. ஃபாக்ஸ்புரோவை விடப் பழசு. இன்றைக்கும் தரவுதள வேலையில் சோறு போடுவது அதுதான். 1991-இல் வந்த ஃபாக்ஸ்புரோ 2.0-விலேயே எஸ்கியூஎல் செலக்ட் இருந்தது. இண்டெக்ஸை வைத்துத் தேடலை வேகமாக்கும் ரஷ்மோர் என்ற உத்தியால் அந்தக் காலக் கம்ப்யூட்டரிலேயே பறந்தது.

அதனால் எஸ்கியூஎல்லையும் போஸ்ட்கிரஸ் என்ற தரவுதளத்தையும் ஒழுங்காகப் படி. அப்புறம் ஃபாக்ஸ்புரோவைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் கற்றுக்கொள்: ஸ்கேன், சீக், ரீப்ளேஸ், செட் ரிலேஷன் போன்ற கட்டளைகள். நம் பக்கத்தில் பழைய கணக்கைப் புது இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கமிஷன் எப்படிப் போடுகிறார்கள், கழிவு எவ்வளவு என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இருக்காது, பிஆர்ஜி எனும் நிரல் கோப்புக்குள்தான் இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவனுக்கு மரியாதை உண்டு.

ஆரணி, பட்டுச் சேலை மொத்த வியாபாரி: மூன்று கம்ப்யூட்டரில் ஓட்டுகிறோம். கரண்ட் போனால் பார்ட்டி பெயரைத் தேடினால் வராது, பட்டியலில் பார்த்தால் இருக்கும். ரீஇண்டெக்ஸ் கொடுத்தால் சில நாள் சரியாகிறது.

தேடலுக்கு உதவும் இண்டெக்ஸ் கெட்டிருக்கிறது. கரண்ட் போகும்போது டிபிஎஃப்பில் வரி ஏறியிருக்கும், இண்டெக்ஸ் கோப்பான சிடிஎக்ஸில் ஏறியிருக்காது. ரீஇண்டெக்ஸ் முழு மருந்தில்லை. கெட்டுப்போன அதே சிடிஎக்ஸின் தலைப்பகுதியைப் படித்துத்தான் அது மறுபடி கட்டுகிறது. தலைப்பகுதியே கெட்டிருந்தால் குப்பையைத்தான் கட்டும். டேபிள் தனி டேபிளாக இருந்தால், எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, சிடிஎக்ஸை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, இண்டெக்ஸ் ஆன் கட்டளைகளைப் புதிதாகக் கொடுங்கள். எந்த எந்த டேக் (சிடிஎக்ஸுக்குள் உள்ள ஒவ்வொரு இண்டெக்ஸ்) என்று ஒரு சின்ன நிரலில் எழுதி வைத்திருந்தால் வேலை சுலபம். டிபிசி எனப்படும் தரவுதளத்துக்குள் இருக்கும் டேபிளாக இருந்தால் சிடிஎக்ஸில் கை வைக்காதீர்கள், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயும் சேர்ந்து போய்விடும்.

யூபிஎஸ்ஸைச் சர்வருக்கு மட்டும் போட்டால் போதாது. எழுதிக்கொண்டிருக்கும் கிளையன்ட் (பில் போடும் கம்ப்யூட்டர்) அணைந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் ஃபாக்ஸ்புரோவில் சர்வர் வெறும் கோப்பு அலமாரி. வேலை முழுவதும் கிளையன்டில் நடக்கிறது. வைஃபையில் ஓட்டினால் கேபிளுக்கு மாறுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு கோப்புக்கும் 2 ஜிபிதான் வரம்பு. டிபிஎஃப், நீளமான குறிப்புகள் (மெமோ) இருக்கும் எஃப்பிடி, சிடிஎக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக. சேலைக்குச் சேலை விவரக்குறிப்பு எழுதி வைத்தால் எஃப்பிடிதான் முதலில் நிரம்பும்.

குடியாத்தம், லுங்கி வியாபாரம்: பார்ட்டி பெயரெல்லாம் தமிழில் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. எக்செல்லுக்கு எடுத்தால் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது.

விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு யூனிகோடு தெரியாது. அதனால் அப்போது எல்லோரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்த எழுத்துருக்களைப் பிடித்துக்கொண்டார்கள். மாற்றலாம், ஆனால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் வராது. பாமினியில் “கொ” என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வர வேண்டும். கொம்பை இடம் மாற்றும் மாற்றியாகப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

உண்மையான தலைவலி வேறு. ஒரே முகவரிக் கட்டத்தில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் அடித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அடித்த தெருப் பெயரும் தமிழ்க் கிறுக்கலாக மாறிவிடும். எது எது என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் முழுதாக உதவாது. ஊர் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

வாலாஜாபேட்டை, விதைக் கடை: விவசாயிகள் பட்டியலில் மாவட்டம் என்ற இடத்தில் வடாற்காடு, வேலூர், ராணிப்பேட்டை என்று கலந்து கிடக்கிறது. ஒரே ரீப்ளேஸில் சரி பண்ணலாமா?

கூடாது. 1989-இல் வடாற்காடு இரண்டாகப் பிரிந்தது. மிச்சப் பகுதி பின்னால் வேலூர் மாவட்டம் ஆனது. அது 2019-இல் மறுபடி மூன்றானது. “வடாற்காடு” என்று இருப்பதையெல்லாம் ராணிப்பேட்டை ஆக்கினால், ஆரணிக்காரர் திருவண்ணாமலையிலிருந்தும் வாணியம்பாடிக்காரர் திருப்பத்தூரிலிருந்தும் உங்கள் மாவட்டத்துக்குக் குடிவந்துவிடுவார்கள். வட்டம் அல்லது ஊரை வைத்து ஒரு தனி டேபிள் போட்டு, மாவட்டத்தை அங்கிருந்து எடுங்கள். பழைய பில்லில் அச்சான மாவட்டத்தை மட்டும் தொடாதீர்கள், அது அன்றைக்குச் சரி. இது எந்த மொழியில் எழுதினாலும் வருகிற சிக்கல். பாவம், ஃபாக்ஸ்புரோ இதற்குப் பொறுப்பில்லை.

ஆம்பூர், ஷூ பாகங்கள் தயாரிப்பு: விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிவிட்டது. ஃபாக்ஸ்புரோ பில்லிலிருந்து இ-இன்வாய்ஸ் போட முடியுமா?

முடியும். 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் போனவர்களுக்குக் கட்டாயம் என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை. பில் விவரத்தை ஜேசன் (JSON) கோப்பாக எழுதி அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஏற்றலாம். ஜேசன் என்பது வெறும் எழுத்துக் கோப்பு, விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் STRTOFILE() போதும். திரும்பி வரும் ஐஆர்என் எனும் இன்வாய்ஸ் பதிவு எண்ணை வைக்கக் கேரக்டர் கட்டம் ஒன்றைச் சேருங்கள். அது 64 எழுத்து நீளம். ஆனால் ஒவ்வொரு முறை விதி மாறும்போதும் இதைத் திருத்த ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் இப்போதே மாறிவிடுங்கள்.

சத்துவாச்சாரி: மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுதளத்துக்கு மாறலாமா?

வேண்டாம். அங்கேயும் அதே 2 ஜிபி.

வேலூர், சிவில் மாணவி: மேப் வேலையில் ஷேப்ஃபைலாகச் சேமித்தால் நெடுவரிசைப் பெயர்கள் 10 எழுத்தில் வெட்டுப்படுகின்றன. ஏன்?

ஷேப்ஃபைலோடு வருவது டிபிஎஃப் கோப்பு. ஃபாக்ஸ்புரோவுக்கு முன்னோடியான டிபேஸ் காலத்து 10 எழுத்து வரம்பு அது. ஜியோபேக்கேஜ் என்ற மேப் கோப்பு வடிவத்தில் சேமியுங்கள், வெட்டுப்படாது.

அரக்கோணம், தினமும் சென்னை ரயிலில் போகிறவர்: கம்பெனியில் கோபால் (COBOL) என்ற பழைய நிரல் மொழிப் பயிற்சிக்குப் போடுகிறார்கள். பயமாக இருக்கிறது.

கோபாலையும் ஃபாக்ஸ்புரோவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 1959-இல் தொடங்கியது என்றாலும் அதற்கு 2023-இல்கூடப் புதிய ஐஎஸ்ஓ தரம் வந்திருக்கிறது, பின்னால் ஐபிஎம் நிற்கிறது. ஃபாக்ஸ்புரோவுக்கு யாரும் நிற்கவில்லை. தைரியமாகப் போங்கள், கூடவே ஐபிஎம் தரவுதளமான டிபி2-வும் மெயின்ஃபிரேமில் வேலைகளை ஓட்டும் ஜேசிஎல்லும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஆற்காடு, அரிசி மில்: மாறுவது என்று முடிவெடுத்துவிட்டோம். எதில் ஏமாறுவோம்?

நான்கைந்து இடம் இருக்கிறது. நீக்கிய வரி உண்மையில் நீங்கியிருக்காது, அடையாளம் மட்டும் போட்டிருக்கும். அவற்றை நிஜமாகவே அழிக்கும் பேக் (PACK) கட்டளை கொடுக்காமல் மாற்றினால் சில கருவிகள் வழியாகச் செத்த பில்கள் எழுந்து வரும். காலியான தேதி சில வழிகளில் 1899 டிசம்பர் 30 ஆக வந்து நிற்கும். கட்டத்துக்குள் அடங்காத தொகை வெறும் நட்சத்திரக் குறிகளாகக் கிடக்கும், அதை முதலிலேயே தேடுங்கள். செட் எக்ஸாக்ட் ஆஃப் என்று இருந்தால் “ராமன்” என்பது “ராம”வுக்குச் சமம் என்று ஃபாக்ஸ்புரோ ஒப்புக்கொள்ளும், போஸ்ட்கிரஸ் ஒப்புக்கொள்ளாது. அதனால் பழைய அறிக்கையும் புதியதும் ஒத்துப்போகாது.

வருடவாரியாக மூட்டை, தொகை இரண்டையும் இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். ஒரு மாதம் இரண்டிலும் பில் போடுங்கள், ஊழியர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. மாற்றித் தருகிறவரிடம் கோப்புகளைக் கொடுக்கும்போது டிபிஎஃப்போடு அதே பெயருள்ள எஃப்பிடியையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் மெமோ கட்டம் உள்ள டேபிள் திறக்கவே திறக்காது.