வேலை போன பிறகு நன்றிக் கொப்பி: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தருமபுரம்: அக்கா, ஆடைத் தொழிற்சாலையில ஆக்களைக் குறைக்கேக்க என்னையும் நிப்பாட்டிப்போட்டினம். "உயிரோட இருக்கிறம், அதுக்கு நன்றி சொல்லு" எண்டு வீட்டில சொல்லுகினம். கேட்கக் கோபம்தான் வருது.

பதில்: வரட்டும் தங்கச்சி. கோபத்தை மூடிக்கொண்டு சொல்லும் நன்றி ஒட்டாது. முதலில் ஒரு கொப்பி எடுத்து, தொடர்ந்து ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி மட்டும் எழுதுங்கோ. அவமானம், கடன் பயம், கடைசி நாளில் யார் என்ன சொன்னது, எல்லாம். எழுத்துப்பிழை பார்க்கவேண்டாம், ஒருவருக்கும் காட்டவும் வேண்டாம். அமெரிக்காவில் வேலையிழந்தவர்களை இப்படி எழுதவைத்த ஆய்வொன்று 1994 இல் வெளிவந்தது. எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போடவுமில்லை. பழைய இடத்துக் கசப்பு நேர்முகத்தில் வாயில் வராமல் போனது காரணமாக இருக்கலாம்.

நன்றிக் கொப்பியை, அதாவது நன்றி சொல்லத் தோன்றும் விடயங்களைக் குறிக்கும் கொப்பியை, அதற்குப் பிறகு தொடங்குங்கோ. கிழமைக்கு ஒருக்கால், கூடினால் ஐந்து விடயம். ஒவ்வொரு நாளும் எழுதினால் "பிள்ளைகள், சுகம், சாப்பாடு" என்று பாடமாகிப் போய்விடும், மனம் அசையாது. ஆள், செயல், நேரம் மூன்றும் இருக்கவேணும். "அயலவர் நல்லவர்" என்று எழுதிப் பயனில்லை. "செவ்வாய் பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால ஒரு பிடி முருங்கையிலையும் இரண்டு தேங்காயும் தந்தா, வேலையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கேல்லை" என்று எழுதினால், அந்தப் பின்னேரம் திரும்ப வரும். அது வந்தால்தான் மருந்து.

ஒட்டுசுட்டான்: எட்டு வருசம் ஒரே இடத்தில வேலை, இப்ப நிப்பாட்டிப்போட்டினம். எனக்குச் சேரவேண்டிய காசைக் கேட்கப்போனால், "சோறு போட்ட இடத்தில காசு கேட்கிறது நன்றிகெட்ட வேலை" எண்டு அப்பா சொல்லுறார். கேட்கலாமோ?

பதில்: கட்டாயம் கேளுங்கோ தம்பி. அது நீங்கள் உழைத்த காசு, முதலாளியின் தானம் இல்லை. இலங்கைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை, அதாவது சேவைக்காலத்துக்காக வேலை முடியும்போது தரும் தொகை, உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம், கடைசியாக எடுத்த சம்பளத்தின்படி. கடைசிச் சம்பளம் 40,000 ரூபா என்றால், 20,000 பெருக்கல் 8, ஆக 160,000. வேலை முடிந்து 30 நாளுக்குள் தரவேணும். முதலாளி உங்கள் பெயரில் கட்டிய 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதியையும் (ETF) வேலை முடிந்ததும் கோரலாம். ஊழியர் சேமலாப நிதி (EPF) பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். அதை நம்பி இப்போது கடன் எடுக்கவேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது ஒரு கையெழுத்தில். "சொந்த விருப்பில் விலகுகிறேன்" என்று தட்டச்சடித்த கடிதத்தை நீட்டினால், வாசிக்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம். பணிக்கொடை அப்போதும் கிடைக்கும். ஆனால் அநியாயமாக நிறுத்தினார்கள் என்ற முறைப்பாடு பலமிழந்துவிடும். அந்த முறைப்பாட்டுக்கு ஆறு மாதம்தான் தவணை. சம்பளச் சிட்டைகளையும் நியமனக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கோ.

மாங்குளம்: வயது 46. விடிஞ்சா சந்தி, பின்னேரம் வாசிகசாலை. பேப்பரும் வாசிக்க மனமில்லை. ஒண்டுக்கும் உதவாத ஆளாப்போனன் போல கிடக்கு.

பதில்: உங்களில் பிழை இல்லை அண்ணா. 1930களின் தொடக்கத்தில் ஒஸ்திரியாவின் மரியந்தால் என்ற ஊரில், ஆலை மூடியபின் மாரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் தோழர்களும் ஆய்வுசெய்தார்கள். நேரம் கொட்டிக்கிடந்தும் நூலகத்தில் இரவல் எடுப்பது குறைந்தது, ஆண்களின் நடையே மெதுவாகிப்போனது. வேலை போகும்போது சம்பளம் மட்டும் போவதில்லை. நாளின் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே ஆட்கள், எல்லாருமாகச் செய்யும் காரியம், மதிப்பு, கைக்கு அலுவல் எல்லாம் சேர்ந்து போகும்.

ஆகையால் "வாழ்க்கையின் நோக்கம்" என்று பெரிதாகத் தேடவேண்டாம். கிழமையில் மூன்று நாள், குறித்த நேரத்தில், இரண்டு மணித்தியாலம், இன்னொருவர் உங்களைக் காத்திருக்கும் வேலையொன்றைப் பிடியுங்கோ. கமக்காரர் அமைப்பின் கணக்குக் கொப்பி, மரண உதவிச் சங்கத்தின் சந்தா வசூல், பள்ளிக்கூடத் தோட்டம், எதுவானாலும். "தைப்பொங்கல்வரை செய்கிறேன்" என்று முதலே தவணை சொல்லுங்கோ. சொல்லாவிட்டால் சும்மா இருக்கிற ஆள் என்று ஊர்வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும், வேலை தேட நேரமிராது.

வவுனியா: வேலை போனதிலிருந்து என்ர மனுசன் சாப்பிடுறாரில்லை, நித்திரையுமில்லை. "நான் இருந்தென்ன" எண்டு இரண்டு தரம் சொல்லிப்போட்டார். நன்றிக் கொப்பி குடுக்கவோ?

பதில்: வேண்டாம் தங்கச்சி, இப்போது அது அவருக்குக் குற்றவுணர்வைத்தான் கூட்டும். "சாகவேணும் போல இருக்கோ?" என்று நேரடியாகக் கேளுங்கோ. கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டிலுள்ள பூச்சிமருந்து, களைகொல்லிப் போத்தல்களை இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கோ. அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

பரந்தன்: என்ர நன்றிக் கொப்பியில உதவி செய்த பன்னிரண்டு பேரின்ர பெயர் சேர்ந்திட்டுது. இனி?

பதில்: அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு குறுஞ்செய்தி எழுதுங்கோ. முதல் வரியில் அவர் செய்த உதவி, இரண்டாம் வரியில் உங்களுக்குத் தெரிந்த தொழில். "அண்ணை, அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு மோட்டார்சைக்கிளில ஏத்தினதை மறக்கேல்லை. நான் இப்ப வயரிங் வேலை செய்யிறன், எங்கயும் ஆள் தேவையெண்டால் சொல்லுங்கோ." நாளுக்கு இரண்டு பேர் போதும். கடன் கேட்கும் வரியை மட்டும் இதில் சேர்க்கவேண்டாம்.