பிள்ளைக்கு ஒரு சிகிச்சை செய்யச் சம்மதம் கேட்கும்போது பெற்றோரின் பயத்தை எப்படிப் போக்கலாம்?

நீங்கள் இலங்கையின் வடக்கே வன்னிக்குப் புதிதாக வேலைக்கு வந்த மருத்துவராகவோ தாதியாகவோ இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். என்ன பயம் என்று முதலில் கேளுங்கள். விளக்கம் அப்புறம்.

எங்கள் ஊர் விசுவமடு. மகனுக்கு இரண்டு வயதில் மூன்று நாள் விடாத காய்ச்சல், பிறகு வலிப்பு. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், கையெழுத்து வையுங்கள் என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். "படிக்காத சனம், சொன்னா விளங்காது" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நான் உயர்தரம் படித்தவள். என் அண்ணாவுக்கு 2009 இல், போர் நேரம், சுதந்திரபுரத்தில் எறிகணைத் துண்டு முதுகில் பட்டது. இன்றும் சக்கர நாற்காலிதான். முதுகு என்றதும் எனக்கு அண்ணாவின் கால்கள்தான் நினைவுக்கு வந்தன.

பிள்ளைக்கு மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். இரவு வேலைக்கு வந்த வயதான தாதி ஒருவர்தான் "தங்கச்சி, என்னத்துக்குப் பயப்பிடுறீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். என்னைத் திருப்பி நிறுத்தி, இரண்டு கைகளையும் என் இடுப்பெலும்பின் மேல் வைத்துப் பெருவிரல்களை முதுகெலும்பில் சேர்த்தார். "ஊசி போறது இந்த இடத்தில. முண்ணாண், அதுதான் முதுகெலும்புக்குள்ள போற நரம்புத் தண்டு, இதுக்கு மேலயே முடிஞ்சிடும். கீழ நூல் மாதிரி நரம்புகள் நீருக்குள்ள மிதக்குது. எடுக்கிறது இருபது முப்பது சொட்டு, அது திரும்ப ஊறும்." என்ன கிருமி, எத்தனை நாள் மருந்து என்பதற்கு அந்த நீர்தான் பதில் சொல்லும் என்றார். ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. "ஊசி போட்ட இடம் நோகும், தலையிடியும் வரலாம். வளைச்சுப் பிடிக்கேக்க கத்துவான், நீங்கள் கதவடியில நில்லுங்கோ." அதைக் கேட்ட பிறகுதான் நம்பிக்கை வந்தது. மகன் இப்போது ஏழாம் ஆண்டு படிக்கிறான்.

மருத்துவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அன்று அந்த வோட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் கிடந்தார்கள், மருத்துவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன். ஆனால் அந்தத் தாதிக்கு ஐந்து நிமிடம்தான் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதினார்கள். என்னிடம் நீட்டிய படிவத்தில் சிங்களமும் ஆங்கிலமும்தான் இருந்தன. தாதியின் பேச்சை நம்பிக் கையெழுத்து வைத்தேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.